இந்த சுவிட்ச் ரூட்டிங் செய்யுமா? வாங்குமுன்பும் வாங்கிய பின்பும் கண்டுபிடிப்பது எப்படி

ஷாப்பியில் ‘லேயர் 3 சுவிட்ச்’ (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக்குவரத்தைக் கடத்தும், அதாவது ரூட்டிங் செய்யும் சுவிட்ச்) என்று தேடினால் சில நூறு வெள்ளிக்கும் சாமான் வரும், பல ஆயிரம் வெள்ளிக்கும் வரும். அட்டையில் ‘எல்2+’, ‘எல்3 லைட்’, ‘ஸ்மார்ட் மேனேஜ்டு’ என்று என்னென்னவோ அச்சடித்திருக்கும். இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி எல்2+ என்பதை இன்னொரு கம்பெனி எல்3 லைட் என்று விற்கும். சுங்கை சிப்புட், பீடோர் மாதிரி ஊர்களில் இருந்துகொண்டு வாங்குபவருக்கு இது கூடுதல் தலைவலி. தப்பான சாமான் வந்தால் அதைத் திருப்பி அனுப்பி, வேறு வரவழைக்கும் வரை தோட்டத்து ஆபிஸ் வேலை அப்படியே கிடக்கும்.

ஆகவே மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இந்த வன்பொருளால் ரூட்டிங் முடியுமா? இதில் ஓடும் மென்பொருளும் லைசென்சும் அதற்கு இடம் தருமா? இரண்டும் சரியென்றால், ரூட்டிங் இப்போது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா? ‘இந்த சுவிட்ச் ரூட்டிங் செய்யாது’ என்று ஓரம் கட்டப்படும் சாமான்களில் கணிசமானவை மூன்றாவது கேள்வியில் மட்டும் தவறியவை.

முதலில், அது உங்களுக்கு வேண்டுமா?

ஒரு தோட்டத்து ஆபிசை எடுத்துக்கொள்வோம். ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வீலேன். கிராணிகளின் கணினிகள் வீலேன் 10-இல், 192.168.10.0/24 (192.168.10 என்று தொடங்கும் முகவரிகள்). எடைமேடை, ஸ்டோர், வாசல் கேட் ஆகிய இடங்களின் கேமராக்களும் பதிவுப் பெட்டியும் வீலேன் 20-இல், 192.168.20.0/24. ஒரே வீலேனுக்குள் நடக்கும் போக்குவரத்தை எந்த சுவிட்சும் மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் முகவரியை) பார்த்துக் கைமாற்றிவிடும். கிராணி தன் கணினியில் கேமராப் பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் 10-இலிருந்து 20-க்குத் தாண்ட வேண்டும். அப்போது ஐபி முகவரியைப் பார்த்து வழி சொல்லும் ஒன்று நடுவில் வேண்டும். அது ரூட்டராக இருக்கலாம், ரூட்டிங் தெரிந்த சுவிட்சாகவும் இருக்கலாம்.

ரூட்டர் அந்த வேலையைச் செய்தால், எல்லாம் ஒரே கேபிளில் மேலே ஏறி அதே கேபிளில் கீழே இறங்கும். கேமரா பத்துக்குள், பார்ப்பவர் ஓரிருவர் என்றால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. வீலேன் தெரிந்த சாதாரண சுவிட்சே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஒரு வீலேனில் ஃபைல் சர்வர், இன்னொன்றில் இருபது முப்பது கணினிகள், நாள் முழுக்கப் பெரிய கோப்புகள் போய் வருகின்றன என்றால்தான் ரூட்டிங் சுவிட்ச் தன் விலைக்கு வேலை செய்யும்.

ஒரு தப்புக்கணக்கை இங்கேயே தீர்த்துவிடலாம். ரூட்டிங் சுவிட்ச் வாங்கினால் இன்டர்நெட் ரூட்டரைக் கழற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. டிஎம் யூனிஃபை ஃபைபர் லைனில் இணையம் வீலேன் 500 வழியாகப் பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு லைனைத் திறக்கும் முறை) மூலம் வருகிறது. அந்த லாகினைப் போடுவதும், உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் நாட் வேலையும் ரூட்டருடையவை. ஆபிசுக்கு வாங்கும் வழக்கமான லேயர் 3 சுவிட்சுகளுக்கு இந்த இரண்டும் வராது.

லேபிளில் பார்க்க வேண்டியது

கடைக்காரர் சொல்லும் பெயரோ முன்பக்கத்துப் பெயரோ போதாது. பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எடுங்கள். இணையத்தில் வாங்கினால் அந்த லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வன்பொருள் பதிப்பு எண்ணும் அதில் தெரிய வேண்டும். ஒரே மாடல் பெயரில் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே சிப் மாறுவதும், வசதிகள் மாறுவதும் உண்டு.

பழைய சாமான் சந்தையில் அதிகம் புழங்குவது சிஸ்கோ என்பதால் அதையே பார்ப்போம். கேட்டலிஸ்ட் 2960 வரிசையில் மாடல் எண் ‘எல்’ என்று முடிந்தால் லேன் பேஸ், ‘எஸ்’ என்று முடிந்தால் லேன் லைட். இவை சிஸ்கோ மென்பொருளின் தரப் பிரிவுகள். லேன் லைட்டில் ரூட்டிங் கிடையாது, பேச்சே வேண்டாம். ஆனால் 3560 வரிசையில் அதே ‘எஸ்’ ஐபி பேஸைக் குறிக்கும். அதில் ரூட்டிங் உண்டு. ‘இ’ என்று முடிந்தால் ஐபி சர்வீசஸ். 3560-எக்ஸ் வரிசையிலோ ‘எல்’ என்றால் லேன் பேஸ். எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்து கடைக்குப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். வரிசை எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஐபி பேஸில் ஸ்டாட்டிக் ரூட்டிங்கும் (வழிகளை நாமே கையால் எழுதுவது) ரிப்பும் (சாதனங்கள் தாமே வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் எளிய முறை) கிடைக்கும். முழு ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற பெரிய நெட்வொர்க்குகளுக்கான முறைகள் எல்லாம் ஐபி சர்வீசஸில்தான். தோட்டத்து ஆபிசுக்கும் தமிழ்ப்பள்ளிக் கணினி அறைக்கும் ஸ்டாட்டிக் தாராளம். புதிய கேட்டலிஸ்ட் 9200-இல் இந்தப் பிரிவுகளின் பெயர்கள் நெட்வொர்க் எசென்ஷியல்ஸ், நெட்வொர்க் அட்வான்டேஜ்.

மற்ற கம்பெனிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அருபா 2530 லேயர் 2 மட்டும், அதாவது ரூட்டிங் செய்யாது. 2930எஃப் ரூட்டிங் செய்யும். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ வீலேன் பிரிக்கும், ஆனால் ரூட்டிங் செய்யாது. டிஎல்-எஸ்ஜி3428 ஸ்டாட்டிக் ரூட்டிங் செய்யும். யுபிக்விட்டியின் யூனிஃபை வரிசையில் யுஎஸ்டபிள்யூ-24 லேயர் 2, யுஎஸ்டபிள்யூ-ப்ரோ-24 லேயர் 3. டிஎம்மின் யூனிஃபையும் இந்த யூனிஃபையும் வேறு வேறு. கடையில் ‘யூனிஃபை சுவிட்ச்’ என்று மொட்டையாகக் கேட்டால் லைன் பெட்டியோடு வந்த எதையாவது எடுத்து நீட்டுவார்கள்.

மைக்ரோடிக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் என்று தொடங்கும் மாடல்களில் சுவிட்ச்ஓஎஸ் மட்டும் ஓடும், அதில் ரூட்டிங் இல்லை. சிஆர்எஸ் என்று தொடங்கினால் ரூட்டர்ஓஎஸ் ஓடும், ரூட்டிங் உண்டு. சிஆர்எஸ்3 வரிசையில் பல மாடல்கள் இரண்டில் எதிலும் பூட் ஆகும். அதனால் கைமாறி வந்த பெட்டி சுவிட்ச்ஓஎஸ்ஸில் நின்றுகொண்டு ‘ரூட்டிங் மெனுவே இல்லையே’ என்று உங்களைக் குழப்பலாம். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

டேட்டாஷீட்டை எப்படிப் படிப்பது

டேட்டாஷீட் என்பது கம்பெனி தரும் விவரத் தாள். அதில் தேட வேண்டியவை சில சொற்கள்தான்: ஸ்டாட்டிக் ரூட், இன்டர்-வீலேன் ரூட்டிங், எஸ்விஐ அல்லது வீலேன் இன்டர்ஃபேஸ் (ஒரு வீலேனுக்கு சுவிட்சில் முகவரி போடும் இடம்), ரிப், ஓஎஸ்பிஎஃப். ஸ்டாட்டிக் ரூட்டுக்குப் பக்கத்தில் 16, 32 என்று ஓர் எண் இருந்தால் நம்பலாம். உண்மையாகவே ரூட்டிங் செய்யும் சுவிட்ச் எத்தனை வழிகளை நினைவில் வைக்கும் என்று டேட்டாஷீட் வழக்கமாகச் சொல்லிவிடும்.

நம்பக்கூடாதவையும் உண்டு. ‘எல்3 ஏசிஎல்’ என்றால் ஐபி முகவரியைப் பார்த்துத் தடுக்கத் தெரியும் என்பதோடு சரி. ‘எல்3 க்யூஓஎஸ்’ என்றால் பேக்கெட்டின் டிஎஸ்சிபி குறியைப் படித்து முன்னுரிமை தரும். ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ (ஒரே ஒளிபரப்பைக் கேட்டவர்களின் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது) மல்டிகாஸ்ட் ரூட்டிங் ஆகாது. ‘ஐபிவி6 சப்போர்ட்’ என்பது பல நேரங்களில் சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தை ஐபிவி6 முகவரியில் திறக்கலாம் என்ற அளவில் முடிந்துவிடும். ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரிதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. அது சுவிட்ச் தன் சொந்த நிர்வாகப் போக்குவரத்தை வெளியே அனுப்ப வைத்திருக்கும் முகவரி. உங்கள் கணினிகளின் பேக்கெட்டுகளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

டிபி-லிங்க் தன் பல மாடல்களின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் மாதிரியாகத் திறந்து வைத்திருக்கிறது. வாங்குமுன் அதில் நுழைந்து ‘எல்3 ஃபீச்சர்ஸ்’ என்ற மெனுவும், அதற்குள் ‘ஸ்டாட்டிக் ரூட்டிங்’கும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும், முகவரி போட ‘சிஸ்டம்’ மெனுவில் ஒரே ஒரு ஐபி கட்டம்தான் இருக்கிறது என்றால் அது லேயர் 2. அதே சமயம், இரண்டு வீலேனுக்கு இரண்டு முகவரி போட முடிகிறது என்பதாலேயே ரூட்டிங் உண்டு என்று முடிவு கட்டாதீர்கள். நிர்வாகத்துக்காக மட்டும் பல முகவரிகளை ஏற்று, அவற்றுக்கிடையே எதையும் கடத்தாத சுவிட்சுகளும் இருக்கின்றன.

சுவிட்ச் கையில் இருந்தால்

சிஸ்கோவுக்கு கன்சோல் கேபிள் வேண்டும்: ஒரு முனை ஆர்ஜே45, மறுமுனை யூஎஸ்பி. புட்டி மென்பொருளில் வேகம் 9600. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தருகிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான்.

முதலில் ‘ஷோ வெர்ஷன்’. மென்பொருள் கோப்பின் பெயரில் ‘லேன்பேஸ்’ இருக்கிறதா, ‘லேன்லைட்’ இருக்கிறதா என்று தெரியும். பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘ஷோ ஐபி ரூட்’. இதன் விடை இரண்டு மாதிரி வரும். மேலே ‘கோட்ஸ்’ என்று தொடங்கி சி, எஸ், ஆர், ஓ என்ற எழுத்துகளுக்கு விளக்கமும், கீழே ‘கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்’ என்ற வரியும் வந்தால் ரூட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘டீஃபால்ட் கேட்வே’ என்று தொடங்கி ‘ஐசிஎம்பி ரீடைரக்ட் கேஷ் இஸ் எம்ப்டி’ என்று முடிந்தால் ரூட்டிங் ஓடவில்லை. செய்யத் தெரியாது என்பதற்கு இது ஆதாரமல்ல. 3560-இல் ரூட்டிங் ஆஃப் ஆகத்தான் வரும், நாம்தான் திறக்க வேண்டும்.

திறக்க: ‘கான்ஃபிகர் டெர்மினல்’, பிறகு ‘ஐபி ரூட்டிங்’. கட்டளை சத்தமில்லாமல் ஏறிவிட்டால் சரி. ‘இன்வாலிட் இன்புட் டிடெக்டட்’ என்று திட்டினால் மென்பொருளோ லைசென்சோ இடம் தரவில்லை. விதிவிலக்கு 2960 லேன் பேஸ். சிஸ்கோ மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 12.2(55)எஸ்இ பதிப்பிலிருந்து அதில் ஸ்டாட்டிக் ரூட்டிங் வந்துவிட்டது, 16 வழிகள் வரை. ஆனால் நினைவகம் பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தை மாற்றாமல் அது ‘ஐபி ரூட்டிங்’கை ஏற்காது. ‘ஷோ எஸ்டிஎம் ப்ரிஃபர்’ போட்டால் இப்போதைய டெம்ப்ளேட் தெரியும். கான்ஃபிக் நிலைக்குப் போய் ‘எஸ்டிஎம் ப்ரிஃபர் லேன்பேஸ்-ரூட்டிங்’ கொடுத்து, வெளியே வந்து ‘ரீலோட்’ செய்யுங்கள். பெட்டி மீண்டு வர சில நிமிடங்கள் ஆகும். வேலை நேரத்தில் செய்யாதீர்கள். வந்த பிறகு ‘ஐபி ரூட்டிங்’ ஏறும். இதில் வீலேன் இன்டர்ஃபேஸ்களுக்கு இடையேதான் ரூட்டிங். ‘நோ சுவிட்ச்போர்ட்’ போட்டு ஒரு போர்ட்டையே ரூட்டர் போர்ட்டாக்கும் வசதி 2960-இல் இல்லை.

கான்ஃபிக் நிலையில் ‘ரூட்டர்’ என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுக் கேள்விக்குறி போட்டால், எந்தெந்த ரூட்டிங் நெறிமுறைகளுக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும்.

எச்பி ப்ரோகர்வ், பழைய அருபா பெட்டிகளில் ‘ஷோ ஐபி’ போதும். மேலேயே ‘ஐபி ரூட்டிங்: டிஸேபிள்டு’ அல்லது ‘எனேபிள்டு’ என்று வந்துவிடும். திறக்கும் கட்டளை அதே ‘ஐபி ரூட்டிங்’தான்.

தொலைவிலிருந்து இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிஸ்கோவில் ‘ஐபி ரூட்டிங்’ கொடுத்த கணமே ‘ஐபி டீஃபால்ட்-கேட்வே’ செல்லாக்காசு ஆகிவிடும். வேறு நெட்வொர்க்கிலிருந்து உள்ளே நுழைந்திருந்தால் உங்கள் தொடர்பு அங்கேயே அறுந்துபோகும். அப்புறம் ஈப்போவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய் கன்சோல் கேபிளைச் சொருக வேண்டியதுதான். ‘ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0’ என்று தொடங்கி ரூட்டரின் முகவரியில் முடியும் வரியைக் கையோடு போட வேண்டும். அதற்குள் தொடர்பு அறுந்துவிடலாம் என்பதால், முதல் தடவையாவது பெட்டியின் பக்கத்தில் இருந்தே செய்யுங்கள்.

மேசை மேல் ஒரு சோதனை

காகிதம் என்ன சொன்னாலும் இரண்டு மடிக்கணினிகளை வைத்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு. கடையில் பழைய சாமான் வாங்கும்போதும் கேட்டுச் செய்யலாம். கால் மணி நேர வேலை.

வேறு ரூட்டர் எதுவும் சுவிட்சில் சொருகியிருக்கக் கூடாது. இருந்தால் வழி காட்டியது யார் என்றே தெரியாமல் போகும். வீலேன் 10, 20 இரண்டையும் உருவாக்குங்கள். போர்ட் 1-ஐ 10-இலும் போர்ட் 2-ஐ 20-இலும் ஆக்சஸ் போர்ட்டாக (ஒரே வீலேனுக்கு மட்டும் உரிய போர்ட்டாக) போடுங்கள். வீலேன் இன்டர்ஃபேஸ்களுக்கு 192.168.10.1, 192.168.20.1 என்று முகவரி கொடுத்து ‘நோ ஷட்டவுன்’ செய்யுங்கள். முதல் மடிக்கணினிக்கு 192.168.10.50, கேட்வே 192.168.10.1. இரண்டாவதற்கு 192.168.20.50, கேட்வே 192.168.20.1. இரண்டிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

முதல் கணினியிலிருந்து அதன் கேட்வேயைப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். பதில் இல்லையென்றால் ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்’ பாருங்கள். அந்த வீலேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இல்லையென்றால் வீலேன் இன்டர்ஃபேஸ் ‘டவுன்’ என்றே நிற்கும். கேபிள் சொருகியதும் ஸ்பானிங் ட்ரீ (கேபிள் வளையம் ஏற்படாமல் காக்கும் வசதி) போர்ட்டைத் திறக்க அரை நிமிடம் எடுக்கும் என்பதால் கொஞ்சம் பொறுங்கள்.

பிறகு 192.168.20.50-ஐப் பிங் செய்யுங்கள். 192.168.20.1 பதில் தந்தால் போதாது. அது சுவிட்சின் சொந்த முகவரி, ரூட்டிங் இல்லாமலும் சில பெட்டிகள் அதற்குப் பதில் சொல்லிவிடும். எதிர்முனைக் கணினி பதில் தர வேண்டும். பதில் வரிக் கடைசியில் டிடிஎல் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் கணினி 128 என்று அனுப்பும். நடுவில் ஒரு ரூட்டர் கடந்தால் 127 ஆகும். லினக்ஸ் என்றால் 64 அனுப்பி 63 வரும். எண் ஒன்று குறைந்திருந்தால் சுவிட்ச் ரூட்டிங் செய்கிறது. குறையவில்லை என்றால் இரண்டு போர்ட்டும் ஒரே வீலேனில் கிடக்கின்றன, முகவரியிலும் எங்கோ தவறு இருக்கிறது. போகும் வழியைக் காட்டும் ‘ட்ரேசர்ட் -டி’ கட்டளையை ஓட்டினால் முதல் வரியில் 192.168.10.1, இரண்டாவதில் 192.168.20.50 என்று வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் வரவில்லையா? சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை அது வழக்கமாகத் தடுத்துவிடும். சோதனை முடியும் வரை அணைத்து வையுங்கள். நல்ல சுவிட்சுகள் மேல் பழி விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

ரூட்டிங் செய்கிறது, ஆனால் எவ்வளவு வேகத்தில்?

ரூட்டிங்கை சுவிட்ச் சிப் செய்தால் போர்ட்டின் முழு வேகம் கிடைக்கும். சிபியு செய்தால் கிடைக்காது. இரண்டு கணினிகளிலும் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளைப் போட்டு ஒன்றில் சர்வராகவும் மற்றதில் கிளையன்டாகவும் ஓட்டுங்கள். கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 940 மெகாபிட் பக்கம் வந்தால் சிப் வேலை செய்கிறது. பாதிக்கும் கீழே வந்து, அதே நேரம் ‘ஷோ பிராசஸஸ் சிபியு’ உச்சத்தைக் காட்டினால் சிபியுதான் சுமக்கிறது. 2960-இல் 24டிசி போன்ற மாடல்களின் 24 போர்ட்டும் 100 மெகாபிட்தான். அங்கே 94 வந்தால் அதுவே முழு வேகம்.

மைக்ரோடிக் சிக்கல் இதுதான். சிஆர்எஸ்3 வரிசையில் ரூட்டர்ஓஎஸ் 6 ஓடினால் ரூட்டிங் முழுக்கச் சின்ன சிபியுவின் தலையில். ரூட்டர்ஓஎஸ் 7-க்கு ஏற்றி, சுவிட்ச் அமைப்பில் ‘எல்3-எச்டபிள்யூ-ஆஃப்லோடிங்’கை ‘எஸ்’ (yes, ஆம்) ஆக்கினால் வேலை சிப்புக்குப் போகும். சிப் வழியாகப் போகும் போக்குவரத்து சிபியுவில் இருக்கும் ஃபயர்வால் விதிகளைத் தொடாமலே போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். கேமரா வீலேனிலிருந்து கிராணி கணினிகளுக்குள் யாரும் நுழையக் கூடாது என்றால், தடுப்பை சுவிட்ச் ஏசிஎல்லாக எழுத வேண்டும்.

மாட்டிய பிறகு ‘இன்டர்நெட் வரவில்லை’ என்றால்

வீலேன் 10-உம் 20-உம் தங்களுக்குள் பேசுகின்றன, வெளியே மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் திரும்பும் வழி இல்லை என்று பொருள். 192.168.20.0/24 எங்கே இருக்கிறது என்று இன்டர்நெட் ரூட்டருக்குத் தெரியாது. அதில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போட்டு சுவிட்சின் முகவரியைக் காட்ட வேண்டும். லைனோடு இலவசமாக வரும் சில ரூட்டர்களில் அந்த மெனுவே இருக்காது. சுவிட்ச் வாங்குமுன் ரூட்டரையும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டரை வீலேன் 10-இல் கணினிகளோடு சேர்த்து விடாமல், வீலேன் 99 என்று ஒன்று போட்டு 192.168.99.0/30-இல் (இரண்டு சாதனங்களுக்கு மட்டும் இடமுள்ள சிறு நெட்வொர்க்) தனியே வையுங்கள். சேர்த்து வைத்தால் போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்றாகி, ரூட்டரின் ஃபயர்வால் பாதித் தொடர்புகளை வெட்டிவிடும். கணினிகளின் கேட்வேயாக எப்போதும் சுவிட்சின் முகவரியே இருக்கட்டும்; கணினிகளுக்குத் தானாக முகவரி தரும் டிஎச்சிபி, பழைய ரூட்டர் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மாற்றுங்கள்.

கடைசியாக ‘ரைட் மெமரி’. சிஸ்கோவில் இதைக் கொடுக்காமல் எழுந்து போனால், அடுத்த இடிமழையில் கரண்ட் போய் வந்ததும் சுவிட்ச் ரூட்டிங் இல்லாத பழைய நிலைக்கே திரும்பியிருக்கும்.